சேற்றதிகாரம்: ரீஜென்சிப் பெண்டிர் பகல் வெளியுடை வகைநூல், உரையுடன்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நுதலிய பொருள் என்று அடுக்காமல் உள்ளே போகக் கூடாது என்பது மரபு. ஆக்கியோன் பெயரால் யாருக்கும் பயனில்லை, விடுக. எல்லை இங்கிலாந்து, அதிலும் லண்டன், பாத், பிரைட்டன், இவற்றுக்கு நடுவே மழையில் ஊறிக் கிடக்கும் நாட்டுப்புறம். காலம், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கி, மூத்த மகன் 1811 பிப்ரவரியில் ஆட்சிப் பொறுப்பாளராக அமர்ந்தது முதல், 1820 ஜனவரியில் தந்தை மறைந்து அவரே மன்னரானது வரை. சட்டப்படி ரீஜென்சி என்பது இந்த ஒன்பது ஆண்டுதான். ஆனால் தையற்காரிகள் நாடாளுமன்றச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கத்தரியை எடுப்பதில்லை. இடுப்பை மார்புக்கு நேர் கீழே கட்டும் வழக்கம் 1790-களிலேயே வந்தாயிற்று. 1820-களில்தான் அது மெல்ல இறங்கியது. ஆகவே இந்நூல் இரண்டு பக்கமும் கொஞ்சம் வழியும்.

நுதலிய பொருள்: பகலில் வீட்டை விட்டு இறங்கிய பெண் எதை உடுத்தினாள், எதற்காக. விருந்து, நடனம், அரசவை ஆகியவை இந்நூலுக்குப் புறம்பு. அங்கே தோளும் கழுத்தும் வெளியே தெரியலாம். பகலில் அவை மூடியிருக்க வேண்டும். கழுத்துவரை ஏறும் மெல்லிய உள்சட்டை ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். வெயில் வேளையில் மூடிக்கொண்டு குளிரும் இரவில் திறப்பது என்ன முறை என்று மாணாக்கன் கேட்டால், வெயில் தோலைக் கறுக்க வைக்கும், மெழுகுவர்த்தி கறுக்க வைக்காது என்று விடை கூறுக.

பகல் எதுவரை என்றால் பெரிய சாப்பாட்டு வேளைவரை. நாகரிகக் குடும்பங்களில் அது மாலை ஆறு மணி, ஏழு மணி என்று தள்ளிப்போய்விட்டதால், அதுவரை அவர்களுக்கு எல்லாமே காலைதான். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்ன சீமாட்டி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் அவள் தாமதமாக வரவில்லை.

வகையியல்

முன்னோர் வகுத்த வகைகளை மறுத்துவிட்டுத்தான் தம் வகையைச் சொல்ல வேண்டும். அதையும் செய்துவிடுவோம்.

முதற் சாரார் இதழாசிரியர்கள். லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் படக்கடை வைத்திருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற ஜெர்மானியர் 1809-இல் ஒரு மாத இதழைத் தொடங்கினார். கலை, இலக்கியம், வாணிபம், நாகரிகம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வோர் இதழிலும் கையால் வண்ணம் தீட்டிய உடைப் படங்கள் வரும்; தொடக்க ஆண்டுகளில் உண்மையான துணித் துண்டுகளையே வெட்டி ஒட்டிக் கொடுத்தார், வாசகி தொட்டுப் பார்க்கலாம். 1806-இல் தொடங்கிய 'லா பெல் அசெம்ப்ளே' அவருக்குப் போட்டி. இவர்கள் பகலுடையை நடையுடை, உலாவுடை, வண்டியுடை, கடற்கரையுடை என்று வகுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடையுடைப் படத்தின் அடியிலுள்ள பெயரை எடுத்து உலாவுடைப் படத்தின் அடியில் வைத்தால் அந்த மாத வாசகியே கண்டுபிடித்திருக்க மாட்டாள். பெயரைப் பார்த்துத்தான் பொருளை அறியவேண்டும் என்றால் அது வகைப்பாடு ஆகாது, விளம்பரம்.

இரண்டாம் சாரார் துணியால் வகுப்பர்: மஸ்லின், பட்டு, கம்பளி. இது வியாபாரிக்கு உதவும். மூன்றாம் சாரார் இடுப்பு எந்த ஆண்டில் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று அளவுகோல் வைத்து வகுப்பர். இவர்கள் அருங்காட்சியகப் பொம்மைகளுக்கு உடுத்துகிறவர்கள். பொம்மை வெளியே போவதில்லை.

நம் கொள்கை வேறு.

"சேற்றின் சேய்மையும் அண்மையும் நோக்கிக்
கூற்றுப் படுமே வெளியுடை வகையே."

உரை: வெளியே போகும் பெண்ணுக்கும் தரையிலுள்ள சேற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டே அவள் உடையின் வகை அமையும் என்றவாறு. சேறு என்றது மழைச் சேறு, புழுதி, குதிரைச் சாணம் மூன்றையும் அடக்கி நின்றது.

இதற்குக் காரணம் காட்ட வேண்டும். கிரேக்கப் பளிங்குச் சிலைகளைப் போல நிற்க ஆசைப்பட்ட ஒரு தலைமுறை வெள்ளை மஸ்லினைத் தேர்ந்தெடுத்தது. வங்காளத்திலிருந்து வந்த மெல்லிய துணி அது. 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் நூற்பு எந்திரம் ஒன்றை உருவாக்கிய பிறகு லங்காஷயரிலும் ஸ்காட்லாந்திலும் மலிவாக நெய்யத் தொடங்கினார்கள். துணி இந்திய வெயிலுக்கு ஏற்றது. போட்டுக்கொண்டு நடந்ததோ, மழை ஓய்ந்தாலும் ஈரம் ஓயாத நாட்டில். நகரத் தெருக்களில் குதிரைகள் போடும் சாணத்தை ஒதுக்கி வழிவிட, சந்திகளில் துடைப்பத்தோடு பையன்கள் நின்றார்கள், ஒரு காசு கொடுத்தால் பெருக்குவார்கள். சாலையைக் கல் பரப்பி இறுக்கும் முறையை ஜான் மக்காடம் பிரிஸ்டல் வட்டாரத்தில் நடத்திக் காட்டத் தொடங்கியதே 1816-இல்தான். அதே 1816-இல், முந்தைய ஆண்டு இந்தோனேசியத் தீவில் வெடித்த தம்போரா எரிமலையின் தூசி வானத்தை மறைத்து, இங்கிலாந்துக்குக் கோடையே வராமல் மழையாகக் கொட்டியது. இப்படிப்பட்ட மண்ணில் கணுக்கால்வரை வெள்ளை உடுத்தி நடப்பது எதைக் காட்டும்? சேறு தன்னைத் தொடாது என்பதை. தொட்டாலும் வெளுக்க வேறொருத்தி இருக்கிறாள் என்பதை. வெள்ளையின் பெருமை முழுதும் கறைபடும் வாய்ப்பில் இருந்தது.

இனி வகை ஐந்து: வண்டிப் பெண்டிர், உலாப் பெண்டிர், நடைப் பெண்டிர், குதிரைப் பெண்டிர், சேற்றுப் பெண்டிர்.

வண்டிப் பெண்டிர் சேற்றைக் கண்ணால் மட்டும் காண்பவர். திறந்த வண்டியில் மாலை ஐந்து மணியளவில் ஹைட் பார்க்கைச் சுற்றி வருவது இவர்கள் தொழில். வண்டியில் அமர்ந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லை. பார்ப்பவருக்குத் தெரிவது தோளும் தலையும்தான். ஆகவே இவ்வகையின் செலவெல்லாம் சால்வையிலும் தொப்பியிலும் போகும். காலில் மெல்லிய தோல் செருப்பு. படியிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து படிக்கும் போக அது போதும்.

உலாப் பெண்டிர் நடப்பவர்தாம். ஆனால் எங்கும் போய்ச் சேருவதற்கு அல்ல. கென்சிங்டன் தோட்டத்தின் சரளைப் பாதை, பாத் நகரில் ராயல் கிரசன்ட் மாளிகைகளுக்கு முன்னுள்ள தளக்கல் நடைபாதை, பிரைட்டன் கடற்கரையோரம் என்று சேறு முன்கூட்டியே அகற்றப்பட்ட இடங்களில் மட்டும் இவர்களைக் காணலாம். நூற்றாண்டுத் தொடக்கத்தில் பின்னால் தரையில் இழுபடும் நீள்முனை சில ஆண்டுகள் பகலுடையிலும் இருந்தது. முதற் பத்தாண்டு முடியுமுன் அது வெளியே காணாமல் போயிற்று. விளிம்பு கணுக்காலுக்கு ஏறியது. ஏறிய இடத்தில் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்துத் தைத்தார்கள். சேற்றிலிருந்து காப்பாற்றிய இடத்தில் அலங்காரத்தை ஏற்றிவைத்து அதற்கு மறுபடி ஆபத்தை உண்டாக்கிய இந்த அறிவு நூலாசிரியருக்கு இன்றும் விளங்கவில்லை.

நடைப் பெண்டிர்தாம் இந்நூலின் தலைமக்கள். இவர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகவேண்டியிருப்பதால் நடக்கிறார்கள். வண்டி இல்லை, இருந்தாலும் குதிரைகள் வயலில் இருக்கின்றன. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பென்னட் வீட்டு நிலைமை இதுவே. வண்டிக் குதிரைகள் பண்ணை வேலைக்குப் போயிருக்க, இன்னொரு வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் அக்காளைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் வயல்வெளியில் நடந்து போகிறாள். போய்ச் சேர்ந்தவளின் உள்பாவாடையில் ஆறங்குலச் சேறு. மேலாடையை இறக்கிவிட்டு மறைக்கப் பார்த்தாள், மறையவில்லை என்று அந்த வீட்டுச் சகோதரிகள் அவள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அளவு கண்ணால் எடுத்தது. ஆனாலும் அங்குலக் கணக்கில் எடுத்தது. வண்டிப் பெண்டிர் நடைப் பெண்டிரை அளக்கும் கருவி சேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னும் நுட்பமான சான்று அதே ஆசிரியையின் 'பர்சுவேஷன்' நாவலில் உண்டு. பாத் நகரில் மில்சம் தெருவில் தூறல். பெண்கள் ஒரு தின்பண்டக் கடையில் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு சீமாட்டியின் வண்டி வருகிறது, ஆனால் ஓர் இடம்தான் மீதி. கதைநாயகி ஆன் எலியட்டா, உடன்வந்த திருமதி கிளேயா? யாருடைய பூட்ஸ் தடிப்பு என்பதே கேள்வியாகிறது. என்னுடையதுதான் தடிப்பு என்கிறார் திருமதி கிளே; நீங்கள் வண்டியில் போங்கள் என்று இருவரும் மாறி மாறி உபசாரம் செய்கிறார்கள். கடைசியில் உறவுக்காரர் எலியட் தீர்ப்புச் சொல்கிறார், ஆனின் பூட்ஸே கொஞ்சம் தடிப்பு என்று. ஆனோடு தனியே நடந்துபோக விரும்பியவர் அவர். தோலின் தடிப்பை வைத்து ஒரு பெண்ணை வண்டிக்கும் ஒரு பெண்ணைத் தெருவுக்கும் பிரித்த இந்தத் தீர்ப்பை வகைப்பாட்டு அறிஞர்கள் மனப்பாடம் செய்யவேண்டும்.

இவ்வகையினர் காலில் கணுக்கால்வரை ஏறி முன்புறம் கயிறு கட்டும் அரைப் பூட்ஸ் இருக்கும். தோலில் செய்தது நடப்பதற்கு உதவும். சீனத்து மஞ்சள் பருத்தித் துணியாகிய நான்கீனில் செய்ததும் உண்டு. நான்கீன் பூட்ஸ் அணிந்தவளை நடைவகையில் சேர்ப்பதா உலாவகையில் சேர்ப்பதா என்றால், மழை வரும்வரை உலா, வந்தபின் நடை என்க.

குதிரைப் பெண்டிர் பிறர்மேல் சேற்றை எறிபவர். இவர்கள் உடை மற்ற நால்வருக்கும் மாறானது. மஸ்லின் இல்லை; கனத்த கம்பளி. பெண் தையற்காரி அல்ல, ஆண்களுக்குக் கோட்டு தைக்கும் தையற்காரரே தைப்பார். ஆகவே மேற்பாதி பட்டாளத்துக் கோட்டுப் போலப் பின்னற்கயிறும் பொத்தானுமாக இருக்கும். கீழ்ப்பாதி, ஒருபுறமாக அமரும் சேணத்தில் கால் தெரியாதபடி, காலைவிட நீளமான பாவாடை. குதிரைமேல் இருக்கும்வரை அது கம்பீரம். இறங்கினால் அந்த மிச்ச நீளத்தை அள்ளிக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஐந்தாம் வகையாகிய சேற்றுப் பெண்டிரை எந்த இதழும் படம் போடவில்லை. பால்காரி, சந்தைக்காரி, வண்ணாத்தி, பண்ணையாள் மனைவி. இவர்களிடம்தான் சேற்றுக்கென்றே செய்த கருவி இருந்தது: பாட்டன். மரப்பலகை அடியில் இரும்பு வளையம் பதித்து, காலணியோடு மாட்டிக்கொண்டால் தரையிலிருந்து விரல்கள் சில உயரத்தில் நடக்கலாம். கல் தெருவில் அது எழுப்பிய கிணுகிணுப்பு பாத் நகரின் அடையாள ஓசைகளில் ஒன்று. தளம் கெடும், ஓசை கெடுக்கும் என்று சில தேவாலயங்களில் வாசலிலேயே பாட்டனைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி எழுதி வைத்தார்கள். மேலே சிவப்புக் கம்பளிப் போர்வைச் சட்டை, முக்காட்டோடு. மழையை அது தாங்கியது; தலைமுறை கடந்தும் கிழியாது. 1797 பிப்ரவரியில் வேல்ஸ் நாட்டு ஃபிஷ்கார்டில் கரையிறங்கிய பிரெஞ்சுப் படை, குன்றின்மேல் கூடிய சிவப்புப் போர்வைப் பெண்களைப் படைவீரர் என்று எண்ணி மனம் தளர்ந்து சரணடைந்ததாக ஒரு கதை உண்டு. கதையை நம்பாதவர் நம்பவேண்டாம். மஸ்லின் உடுத்திய பெண்களைப் பற்றி அப்படி ஒரு கதைகூட இல்லை என்பது மட்டும் கருதுக.

மேலுடையியல்

"மார்போடு முடிவது ஸ்பென்சர், அதுவே
காலொடு முடியின் பெலீஸெனப் படுமே."

உரை: மஸ்லின் குளிர் தாங்காது, ஆகவே மேலே ஒன்று வேண்டும். அது குட்டையாயின் ஸ்பென்சர், நெடிதாயின் பெலீஸ்.

ஸ்பென்சர் என்பது நீண்ட கையுள்ள குட்டைச் சட்டை. உயர்ந்த இடுப்போடு நின்றுவிடும். நம்மூர் ரவிக்கையைக் கவுனுக்கு வெளியே மாட்டியதுபோல இருக்கும். பெயர் வந்தது ஆணிடமிருந்து. கடற்படை அமைச்சராக இருந்த இரண்டாம் ஸ்பென்சர் பிரபு கணப்பருகே நின்றபோது கோட்டின் வால் கருகியது, அதை வெட்டிவிட்டு அப்படியே அணிந்துகொண்டார் என்பது ஒரு பாடம். வேட்டையில் முள் பட்டுக் கிழிந்தது என்பது மற்றொரு பாடம். எந்தப் பாடமானாலும் ஒரு கனவானின் விபத்தைப் பெண்கள் முப்பது ஆண்டு உடுத்தினார்கள். அதன் அறிவு வியக்கத்தக்கது: மார்பையும் கையையும் மட்டும் காத்து, வயிறு, முதுகின் கீழ்ப்பாதி, கால் அனைத்தையும் இயற்கையிடம் ஒப்படைத்துவிடும். ஆனால் கரும்பச்சை வெல்வெட்டிலோ கருநீலப் பட்டிலோ தைத்த ஸ்பென்சர், கீழே நீளும் வெள்ளைக்கு மேல் நின்றால் கண்ணுக்கு நிறைவுதான். இதை மறுக்க நூலாசிரியருக்கு மனமில்லை.

பெலீஸ் முழு அங்கி. ஹுஸார் குதிரைப் படையினர் தோளில் தொங்கவிட்ட உரோமச் சட்டையின் பெயரையும், கூடவே பின்னற்கயிற்று அலங்காரத்தையும் எடுத்துக்கொண்டது. ஸ்பெயினில் தளபதி வெலிங்டன் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் லண்டன் கடைவீதியில் நடந்த பெண்ணின் மார்பிலும் பட்டாளத்துப் பின்னல்கள் வரிசையாக ஏறின. குளிர்காலத்துக்குக் கம்பளியும் உரோம விளிம்பும். இளவேனிலுக்கு மெல்லிய பட்டு. கடையில் தொங்கும் ஆயத்த உடை அன்று பெரிதாக இல்லை. துணிக்கடையில் துணி எடுத்து, தையற்காரியிடம் கொடுத்து, பொத்தான் தனியே வாங்க வேண்டும். 1811-இல் லண்டனிலிருந்து அக்காளுக்கு எழுதிய கடிதத்தில் ஜேன் ஆஸ்டின் கணக்குச் சொல்கிறார்: பெலீஸ் ஒவ்வொன்றும் 17 ஷில்லிங், அதில் தையற்கூலி 8 ஷில்லிங்தான், பொத்தான்தான் விலை கூடுதலோ என்று தோன்றுகிறது. பொத்தானைப் பற்றிய இந்த முணுமுணுப்பை மாணாக்கர் மறக்கவேண்டாம், பின்னால் உதவும். ஆஸ்டினுடையது என்று குடும்ப வழியாகச் சொல்லப்படும் ஒரு பட்டுப் பெலீஸ் இன்றும் ஹாம்ப்ஷயரில் உள்ளது. பழுப்பு நிறம், பொன்னிறத்தில் சின்னச் சின்ன ஓக் இலைகள். அதன் அளவிலிருந்து உடுத்தியவர் நெட்டையான, மெலிந்த பெண் என்று தெரிகிறது. உருவத்தைச் சரியாகக் காட்டும் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லாத எழுத்தாளருக்கு ஓர் அங்கி சாட்சி சொல்வது அரிது.

சால்வை இரண்டிலும் அடங்காது. அதற்குத் தையல் இல்லை, பொத்தான் இல்லை, முன்பின் இல்லை. லடாக், திபெத் மேட்டுநில ஆடுகளின் அடிமயிரை ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்து, சின்னச் சின்ன மரக்குச்சிகளில் வண்ண நூல் சுற்றி, பூ வேலைப்பாட்டைத் தறியிலேயே நெய்வார்கள்; வேலை மிகுந்த ஒரு சால்வைக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். நெய்தவர் கூலிக்கு வாடினர். 1819-இல் ரஞ்சித் சிங்கின் படை பிடிக்கும்வரை காஷ்மீரம் ஆப்கானியர் ஆட்சியில் இருந்தது, வரிக்குக் குறைவில்லை. கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல் வழியாகவும் உறவினரின் பெட்டி வழியாகவும் லண்டன் வந்து சேர்ந்தபின் அது சொத்து. 1814-இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் சோபாவை விட்டு எழாத பெர்ட்ரம் சீமாட்டிக்கு, கடற்படைக்குப் போன தங்கை மகன் கிழக்கிந்தியாவுக்குப் போனால் நல்லது, தனக்கு ஒரு சால்வை கிடைக்கும் என்று தோன்றுகிறது. சொல்லி முடிப்பதற்குள் இரண்டாக இருக்கட்டும் என்று திருத்திக்கொள்கிறாள். பேரரசு எதற்காக என்று அன்றைய வரவேற்பறைகளில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை ஏறத்தாழ இதுவே.

வாங்க முடியாதவருக்காக எடின்பரோவிலும் நாரிச்சிலும் போலிச் சால்வை நெய்தார்கள். 1805 வாக்கில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரும் இதில் இறங்கி, நாளடைவில் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. காஞ்சிபுரம் பட்டு வாங்குகிறவர் மாங்காய் என்று பார்த்தவுடன் சொல்லும், அந்தச் சால்வைகளின் வளைந்த வடிவம் உலகத்தார் வாயில் இன்று பெய்ஸ்லி. அந்தப் பெயரில் ஸ்ரீநகருக்கும் பங்கில்லை, மாங்காய்க்கும் பங்கில்லை.

சால்வை எவ்வகையினர்க்கு உரியது என்றால், வண்டிப் பெண்டிர்க்கே முழு உரிமை என்க. அது வழுக்கி விழாமல் இருக்க இரண்டு முழங்கையும் வேலை செய்யவேண்டும். சேற்றில் பாவாடையைத் தூக்கவேண்டியவளுக்குக் கை மிச்சமில்லை.

தலையியல்

"முகமறை அளவே பானெட்டின் பெருமை."

உரை: வெளியே போகும் பெண் தலையை மூடாமல் போகலாகாது. முகத்தைச் சுற்றி முன்னே நீண்டு, தாடைக்கடியில் ரிப்பனால் கட்டுவது பானெட். நீள நீள உயர்வு. பக்கத்தில் வருகிறவரைப் பார்க்க உடம்பையே திருப்பவேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் முகத்தைப் பார்க்க ஆண் தலையையே உள்ளே நுழைக்க வேண்டியிருப்பதாக அன்றைய பிரெஞ்சுக் கேலிப்படம் ஒன்று கிண்டல் செய்தது.

வைக்கோல் பின்னிய பானெட்டே நாட்டுப்புறத்துக்கு உரியது. உயர்ந்தது இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து வந்த வைக்கோல். நெப்போலியன் போர் அதன் வரவை முறித்ததும் டன்ஸ்டபிள், லூட்டன் வட்டாரப் பின்னற்காரப் பெண்களுக்கு நற்காலம். பீட்டர்பரோவுக்கு அருகே நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்ட பிரெஞ்சுக் கைதிகளும் வைக்கோல் பின்னினார்கள். உள்ளூர்ப் பிழைப்பு கெடுகிறது என்று அதைத் தடுத்தார்கள், பின்னல் மதிலைத் தாண்டி இரகசியமாக விற்றது. பிரெஞ்சு நாகரிகத்தைப் போர் தடுத்த ஆண்டுகளில் ஆங்கிலப் பெண்டிர் சிலரின் தலைமேல் பிரெஞ்சுக்காரன் கைவேலை இருந்தது.

தலையில் என்ன செருகுவது என்பதிலும் பிணக்கு. 1799-இல் பாத் கடைகளில் துணியால் செய்த பழங்கள் தொப்பிமேல் ஏறின. தலையிலிருந்து பழம் முளைப்பதைவிடப் பூ முளைப்பது இயல்பல்லவா என்று ஆஸ்டின் அக்காளுக்கு எழுதினார். இரண்டுமே முளைப்பதில்லை என்பதை அவர் ஒதுக்கிவிட்டார்.

தொப்பிக்கும் நம் கரைக்கும் ஒரு நூலிழை உறவு உண்டு. ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்பியா லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பிக்கடைக்காரி ஒருத்தியிடம் தொழில் பழக விடப்பட்டவர். அதில் வாழ்வு அமையாதென்று கண்டோ என்னவோ, 1752-இல் கப்பலேறிச் சென்னைப் பக்கம் வந்தார். அடுத்த ஆண்டு கடலூரில், தேவனாம்பட்டினத்துக் கோட்டை மருத்துவர் ஹான்காக்குக்கு மணமுடித்தார். சித்திரை வெயிலில் அவர் தலையில் என்ன அணிந்தார் என்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1814 தொப்பிக்குப் புரட்சி ஆண்டு. ரஷ்யச் சக்கரவர்த்தியின் தங்கை, ஓல்டன்பர்க் சீமாட்டி, பெரிய பானெட்டோடு லண்டன் வந்திறங்கினார். கடைகளில் அவர் பெயரிலேயே பானெட் விற்றது. அதே ஆண்டு சமாதானம் வந்து ஆங்கிலப் பெண்டிர் பாரிஸ் போனார்கள். பல ஆண்டு தனித்திருந்ததில் இவர்கள் இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, தொப்பி தாழ்ந்திருந்தது. அங்கோ இடுப்பு அக்குளில், தொப்பி கோபுரத்தில். பாரிஸ்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். அதற்குள் லண்டன் இடுப்பு மேலே ஏறிச் சரணடைந்திருந்தது.

கையியல்

உடை ஒட்டி நேராக விழுந்ததால், பாட்டிமார் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிய பைகளுக்கு இடமில்லாமல் போயிற்று, கட்டினால் புடைக்கும். ஆகவே பை வெளியே வந்து கையில் தொங்கியது: ரெட்டிக்யூல். கைக்குட்டை, சில்லறை, முகர்உப்பு, கடிதம் ஒன்று இவ்வளவே கொள்ளும். அதனால் வேறெதையும் தூக்குவதற்கு ஆள் வேண்டும்.

வெயிலுக்குப் பாரசால் எனும் சிறுகுடை. மழைக்கு உதவாது. இதைப் பிடிக்க மறந்தவருக்கு முகத்தில் புள்ளி விழும். அதைப் போக்கக் கௌலண்ட் மருந்துநீர் விற்றது. அதில் பாதரச உப்பு இருந்தது; புள்ளியோடு தோலும் போகும். குளிருக்கு மஃப், இரு கையையும் நுழைக்கும் உரோம உருளை. அது சில வேளைகளில் உடுத்தியவள் உடம்பில் பாதி இருக்கும். கையுறை எல்லா வகைக்கும் பொது, ஆகவே ஒன்றும் சொல்வதற்கில்லை.

புறனடையியல்

விதி சொன்னால் விலக்கும் சொல்லவேண்டும்.

முதற் புறனடை துக்கம். 1817 நவம்பர் 6-ஆம் நாள் அரசின் வாரிசான இளவரசி ஷார்லட், இறந்தே பிறந்த ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு மறைந்தார். இருபத்தொரு வயது. நாடு முழுதும் கறுப்பு உடுத்தியது. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்தது. உடையில்லாதவர் கையில் கறுப்புப் பட்டையாவது கட்டினர். அந்த மாதங்களில் ஐந்து வகையும் ஒன்றாயின. கறுப்பில் சேறு தெரியாது.

இரண்டாம் புறனடை இடுப்பு. 1820-களில் அது இறங்க இறங்க ஸ்பென்சருக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. சட்டைக் கை பலூனாக ஊதியபின் பெலீஸுக்குள் கை நுழையவில்லை, தோளில் போர்த்தும் மேலாடைகள் அதன் இடத்தைப் பிடித்தன. இதற்குமேல் இதில் விரிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் வகைநூலார் தூக்கத்தைக் கெடுப்பது. எசமானி கழித்த உடை பணிப்பெண்ணுக்குப் போவது அந்நாட்டு வழக்கம். அது அவள் வரும்படியில் ஒரு பங்காகவே கருதப்பட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில், இரண்டு ஆண்டுக்கு முந்தைய பட்டுப் பெலீஸும் புது ரிப்பன் கட்டிய பழைய பானெட்டுமாக ஒருத்தி வருவாள். வேலைக்காரியையும் சீமாட்டியையும் வேறுபடுத்த முடியவில்லை, உலகம் கெட்டது என்று அக்காலத்துப் பெரியோர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அவளை எவ்வகையில் வைப்பது? உடையால் இரண்டாம் வகை என்பர் ஒரு சாரார். திங்கட்கிழமை அவள் இருக்கும் இடத்தால் ஐந்தாம் வகை என்பர் மற்றொரு சாரார். காலைப் பார்த்தால் தெரியும், பாட்டன் இருக்கும் என்பாரும் உளர். அதைத்தான் வாசலில் கழற்றிவிட்டாளே.

நூலாசிரியர் கருத்து, மார்பைப் பார்க்கவேண்டும் என்பது. எலும்பாலான பொத்தான் தைத்திருந்தால் அவள் பணிப்பெண். ஏனெனில் எந்த எசமானியும் பெலீஸைக் கொடுக்குமுன் விலை கொடுத்து வாங்கிய பொத்தான்களைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பாள்.